கல் பட்ட முன் கண்ணாடி: கிளெய்ம் போட்டேன், கணக்குப் பார்த்தேன், திரும்ப எடுத்துக்கொண்டேன்

கடந்த ஆடி வெள்ளியன்று சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாடாலூரைத் தாண்டியதும் முன்னால் ஜல்லி ஏற்றிய ஒரு டிப்பர். தார்ப்பாய் பாதிதான் மூடியிருந்தது. ஒதுங்கி முந்திவிடலாம் என்று இண்டிகேட்டர் போட்ட நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம். இடது பக்கம், கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து நாலு விரல் உயரத்தில், ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சின்னதாக நட்சத்திரம் போல ஒரு வெடிப்பு. மனைவி அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு துகள்கூட உள்ளே விழவில்லை.

விழாததற்குக் காரணம் உண்டு. காரின் முன் கண்ணாடி என்பது ஒற்றைக் கண்ணாடி இல்லை. சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு கண்ணாடிகள், நடுவில் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம், பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர். கல் பட்டால் வெளிக்கண்ணாடி மட்டும் வெடிக்கும், படலம் மற்றதைப் பிடித்து வைத்திருக்கும். பக்கக் கண்ணாடிகள் வேறு ரகம், உடைந்தால் கற்கண்டு போலப் பொலபொலவென்று கொட்டிவிடும்.

சிறுகனூர் பக்கம் ஓரங்கட்டி, போனில் நாலு படம் எடுத்தேன். ஒன்று வெடிப்பை அருகில் வைத்து, ஒன்று நம்பர் பிளேட்டோடு முழுக் காரும் தெரியும்படி, ஒன்று உள்ளிருந்து, ஒன்று இடம் தெரியும்படி. டிப்பரின் நம்பரைக் குறிக்க முடியவில்லை. குறித்திருந்தாலும் அந்த லாரியின் தேர்ட் பார்ட்டி காப்பீட்டில், அதாவது ஒரு வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீட்டில், கேட்பதென்றால் போலீஸ் புகார், தீர்ப்பாயம் என்று போக வேண்டும். ஒரு கண்ணாடிக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெடிப்பின் மேல் செல்லோ டேப் ஒட்டினேன். இதை அந்த இடத்திலேயே செய்திருக்க வேண்டும். தூசியும் ஈரமும் உள்ளே போய்விட்டால் ரெசின் ஊற்றி அடைக்கும் வேலை சரியாக வராது. ஈரம் கண்ணாடியின் விரிசலை வேகமாக வளரவும் விடும். நாணயத்தை விடச் சின்ன வெடிப்பு, ஓட்டுபவரின் நேர்ப்பார்வையில் இல்லை, விளிம்பிலிருந்தும் தள்ளி இருக்கிறது என்றால் ரெசினை ஏற்றி அல்ட்ரா வயலட் விளக்கில் இறுக வைத்துச் சில நூறு ரூபாயில் முடித்துவிடலாம். என்னுடையது விளிம்புக்குப் பக்கம். மறுநாள் மதியம் வெயிலில் நின்ற வண்டியில் ஏறி ஏ.சி.யை முழுதாக வைத்தேன். வெளியே கொதிக்கும் கண்ணாடி, உள்ளே குளிர்காற்று. பத்து நிமிடத்தில் வெடிப்பிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஓடிவிட்டது. இனி மாற்றத்தான் வேண்டும்.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பாலிசியை எடுத்து உட்கார்ந்தேன். என் கார் 2019 மாடல், 1,200 சி.சி. பெட்ரோல். முழுக் காப்பீடு, கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன் எதுவும் இல்லை. கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்: சட்டப்படி கட்டாயமானது தேர்ட் பார்ட்டி மட்டும். அதில் நம் வண்டியின் கண்ணாடிக்கு ஒரு பைசா கிடைக்காது. ஓ.டி. என்கிற சொந்தச் சேதப் பகுதி இருந்தால்தான் கேட்க முடியும். கல் வந்து பட்டது 'வெளியிலிருந்து வந்த தற்செயலான சேதம்' என்ற வகையில் வருகிறது. கலவரத்தில் உடைந்தாலும், புயலில் மரக்கிளை விழுந்தாலும் ஓ.டி.யில் சேரும். தானாகத் தேய்ந்தது, வைப்பர் கீறியது போன்றவை சேராது.

அடுத்தது தேய்மானம், அதாவது பாகம் பழசானதற்காகக் கழிக்கும் தொகை. என் வண்டிக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் ஆட்-ஆன்) இல்லை, பாதித் தொகைதான் வரும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பாலிசியில் உள்ள அட்டவணை வேறு சொல்கிறது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் தேய்மானம். ஃபைபர் கிளாஸுக்கு 30. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, ஐந்திலிருந்து பத்து வருடம் என்றால் 40. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானமே இல்லை. பழைய வண்டியாக இருந்தாலும் கண்ணாடியின் முழு விலையும் கணக்கில் வரும். இது பலருக்குத் தெரியாது. தெரியாததால் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

சனிக்கிழமையே கம்பெனியின் ஆப்பில் கிளெய்மைப் பதிவு செய்தேன். தேதி, இடம், ஓட்டியவர், லைசென்ஸ், ஆர்.சி., படங்கள். யாருக்கும் காயமில்லை என்பதால் எஃப்.ஐ.ஆர். கேட்கவில்லை. அவர்கள் பார்ப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, அது மட்டும் முக்கியம். திங்கட்கிழமை வண்டியைச் சர்வீஸ் சென்டரில் விட்டேன். தொகை சின்னது என்பதால் சர்வேயர் நேரில் வரவில்லை, வீடியோ காலிலேயே பார்த்துவிட்டார்கள்.

எஸ்டிமேட் வந்தது. கண்ணாடி 7,450 ரூபாய், சீலன்ட் கிட் 1,350, ரப்பர் பீடிங் (கண்ணாடியின் ஓரப் பட்டி) 780, வேலைக்கூலி 1,500. மொத்தம் 11,080. இதில் பீடிங் ரப்பர் என்பதால் பாதி, அதாவது 390 என் தலையில். கட்டாயக் கழிவு என்று ஒவ்வொரு கிளெய்மிலும் 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 2,000 நாம்தான் தர வேண்டும். அதில் ஒரு ஆயிரம். சீலன்ட்டை கன்ஸ்யூமபிள் (ஒரு முறை பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் பொருள்) என்று முழுவதுமாகக் கழித்திருந்தார்கள். இது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. சீலன்ட் இல்லாமல் கண்ணாடியை எப்படி ஒட்டுவது? எந்த ஷரத்தின்படி கழித்தீர்கள் என்று மெயிலில் கேட்டேன். கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் எடுத்திருந்தால் தந்திருப்போம், உங்களிடம் அது இல்லை என்று பதில் வந்தது. பாலிசியில் அந்த வரி இருக்கத்தான் செய்கிறது. ஆகக் கம்பெனி தருவது 8,340, என் கையிலிருந்து 2,740. ஆன்லைனில் பிரீமியம் குறைகிறதே என்று 'வாலன்டரி டிடக்டிபிள்' (நாமாக ஏற்றுக்கொள்ளும் கழிவு) என்ற கட்டத்தையும் டிக் செய்திருந்தால், அந்தத் தொகையும் இதற்கு மேல் கழியும். நல்லவேளை, நான் அதைத் தொடவில்லை.

2,740 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி. கையெழுத்துப் போடத்தான் இருந்தேன். சர்வீஸ் சென்டர் அட்வைசர் போகிற போக்கில், "என்.சி.பி. போயிரும், பரவாயில்லையா சார்?" என்று கேட்டார். ஒரு நாள் டைம் கொடுங்கள் என்று வீட்டுக்கு வந்தேன். அந்த இரவு நோட்டில் போட்ட கணக்கைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என்.சி.பி. என்பது கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடி. ஓ.டி. பிரீமியத்தில் மட்டும்தான், தேர்ட் பார்ட்டியில் கிடையாது. ஒரு வருடம் கேட்காவிட்டால் 20 சதவீதம், இரண்டு வருடம் 25, மூன்று 35, நான்கு 45, ஐந்து 50. அதற்கு மேல் ஏறாது. ஒரு கிளெய்ம் வாங்கினால், அது ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும், அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம். எல்லோரும் அடுத்த வருடத்து இழப்பை மட்டும் பார்க்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏறி வரும் ஒவ்வொரு வருடமும் இழப்புதான்.

எனக்கு இந்த வருடம் 35. கேட்காமல் விட்டால் வரும் வருடங்களில் 45, 50, 50, 50, 50 என்று போகும். கேட்டால் 0, 20, 25, 35, 45. ஒவ்வொரு வருடத்து வித்தியாசத்தையும் எழுதினேன்: 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120. அதாவது ஒரு வருடத்து ஓ.டி. பிரீமியத்தைப் போல 1.2 மடங்கை, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வருடத்தில், நானே திருப்பிக் கட்டுகிறேன். தள்ளுபடிக்கு முன் என் ஓ.டி. 6,200 ரூபாய். 1.2 மடங்கு 7,440. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 8,779. வருடா வருடம் ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) இறங்கும்போது ஓ.டி.யும் கொஞ்சம் இறங்கும் என்பதால் 7,500 என்று வைத்துக்கொண்டேன். கம்பெனி எனக்குத் தருவது 8,340. மிச்சம் 840 ரூபாய். அதுவும் இந்த ஐந்து வருடத்தில் வேறு எந்தக் கிளெய்மும் வராமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. இடையில் பெரிதாக ஒன்று வந்தால் போனஸ் எப்படியும் போகும், அப்போது இழப்பு இதைவிடக் குறையும்.

மற்ற படிகளுக்கும் போட்டுப் பார்த்தேன். இப்போது போனஸ் எதுவும் இல்லாதவருக்கு ஒரு கிளெய்மால் போவது ஓ.டி.யில் 50 சதவீதம். 20-ல் இருப்பவருக்கு 80. 25-ல் இருப்பவருக்கு 105. 35-க்கு 120. 45-லும் 50-லும் இருப்பவர்களுக்கு 125. உங்கள் பாலிசியில் தள்ளுபடிக்கு முந்தைய ஓ.டி. தொகையை எடுத்து இதால் பெருக்கி, ஜி.எஸ்.டி.யைச் சேர்த்துப் பாருங்கள். கிளெய்ம் தொகை அதைவிடக் கணிசமாக அதிகம் என்றால் கேளுங்கள். என்.சி.பி. பாதுகாப்பு ஆட்-ஆன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், எத்தனை கிளெய்ம் வரை போனஸ் நிற்கும் என்பதை மட்டும் படித்துக்கொண்டால் போதும்.

மறுநாள் அரியமங்கலம் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் விசாரித்தேன். என் வண்டியில் கம்பெனியிலிருந்தே வந்த கண்ணாடியைச் செய்த அதே தயாரிப்பாளரின் கண்ணாடி 4,600, சீலன்ட் 900, பீடிங் 400, கூலி 1,000. மொத்தம் 6,900. கிளெய்மோடு போனால் 2,740-ம் போனஸ் இழப்பு 7,500-ம் சேர்த்து 10,240. வெளியே மாற்றினால் 6,900. முடிவு தெரிந்துவிட்டது.

கிளெய்மைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று போனில் சொல்வதோடு நிறுத்த வேண்டாம். மெயில் அனுப்பி, 'தொகை எதுவும் வழங்காமல் முடிக்கப்பட்டது, என்.சி.பி. பாதிக்கப்படாது' என்று பதில் வாங்கினேன். முதல் பதிலில் 'கிளெய்ம் மூடப்பட்டது' என்று மட்டும் இருந்தது. மறுபடி கேட்டு அந்த வரியையும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன். நாளை வேறு கம்பெனிக்கு மாறும்போது பழைய கிளெய்ம் கணக்கில் தெரிந்தால் காட்ட ஒரு தாள் வேண்டும்.

இப்போது வேலை. கடைக்காரருக்கு இருபது வருட அனுபவம். நான் கூடவே நின்று பார்த்தேன், அவரும் சலிக்காமல் விளக்கினார். புதுக் கண்ணாடியின் கீழ் மூலையில் தயாரிப்பாளர் பெயர், லேமினேட்டட் என்ற சொல், ஐ.எஸ்.ஐ. முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இருந்தது.

வைப்பர் கைகள், அதன் கீழே உள்ள பிளாஸ்டிக் கவர், உள் ரியர்வியூ கண்ணாடி எல்லாம் கழன்றன. பிறகு பழைய சீலன்ட்டுக்குள் மெல்லிய எஃகுக் கம்பியை நுழைத்து, ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, ரம்பம் இழுப்பது போல இழுத்துச் சுற்றிலும் அறுத்தார்கள். கத்தியால் நெம்பினால் சட்டத்தின் பெயின்ட் கீறும், கீறிய இடத்தில் துரு பிடிக்கும், துருவின் மேல் சீலன்ட் நிற்காது என்றார். அப்படியும் இரண்டு இடத்தில் லேசாகக் கீறல் விழுந்தது. உடனே ப்ரைமர் தடவிக் காய விட்டார். பழைய சீலன்ட்டை முழுவதும் சுரண்டி எடுக்கவில்லை, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் படுக்கையாக விட்டுவிட்டுச் சீராகச் செதுக்கினார். புதுசு அதன் மேல்தான் நன்றாகப் பிடிக்குமாம்.

கண்ணாடியின் ஓரக் கறுப்புப் பட்டையைத் துடைத்து, ப்ரைமர் அடித்து, அதன் பிறகு கன்னில் பாலியூரித்தேன் சீலன்ட்டை முக்கோண வடிவில், எங்கும் நிற்காமல் ஒரே சுற்றாக இழுத்தார். இரண்டு பேர் சக்ஷன் கப்பில் தூக்கி வைத்து, அழுத்தி, டேப் ஒட்டி நிறுத்தினார்கள். "அண்ணே, எப்போ எடுக்கலாம்?" என்றேன். "சாயந்திரம் வரைக்கும் அசைக்க வேணாம் சார். இது காத்துல இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். அவசரப்பட்டா வீணாயிரும்" என்றார்.

அவசரப்படக் கூடாது என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். முன் கண்ணாடி காற்றைத் தடுப்பதற்கு மட்டும் வைத்தது இல்லை. பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது பல கார்களில் இந்தக் கண்ணாடியின் மேல் சாய்ந்துதான் ஆளைத் தாங்குகிறது. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் இருக்கவும் இது துணை நிற்கிறது. இரண்டையும் தாங்குவது அந்த 900 ரூபாய்ப் பசை. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினால் முதலில் குறைவது பசையின் தரம்தான். தயவுசெய்து அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

இரண்டு நாள் கதவை அடித்துச் சாத்தவில்லை. எல்லாக் கதவும் மூடியிருக்கும்போது ஒன்றை அறைந்து சாத்தினால் உள்ளே எழும் காற்றழுத்தம் இறுகாத பசையைத் தள்ளும். அதற்காக ஒரு பக்கக் கண்ணாடியை விரல் இடைவெளி இறக்கியே வைத்தேன். மூன்றாம் நாள் ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், வலது மேல் மூலையில் உள்ளே ஒரு சொட்டு. கடைக்குப் போனேன். பீடிங்கைத் தூக்கிப் பார்த்து, அங்கே சீலன்ட் மெலிந்திருப்பதைக் காட்டி, காசு வாங்காமல் நிரப்பிக் கொடுத்தார். மறுபடி தண்ணீர் விட்டேன், சொட்டவில்லை. சன் ஃபிலிம் ஒட்டலாமா என்று கடைப் பையன் கேட்டான். முன் கண்ணாடியில் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் எதிர்பார்க்காதது ஃபாஸ்டேக். பழைய கண்ணாடியோடு அதுவும் போயிற்று. உரித்து எடுக்கப் பார்த்தால் உள்ளே இருக்கும் ஆன்டெனா கிழிந்துவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வங்கியின் ஆப்பில் மாற்று டேக் கேட்டு, வர ஐந்து நாள் ஆனது. அதுவரை சமயபுரம் டோல்கேட் வழியாகப் போயிருந்தால் ரொக்கமாக இரட்டிப்புக் கட்டணம். கண்ணாடி மாற்றுவது முடிவானதுமே மாற்று டேக்குக்குச் சொல்லிவிடுவது நல்லது. வந்த டேக்கைக் கையில் பிடித்துக் காட்டிக்கொண்டு போகாமல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். ஒட்டாத டேக்கைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள்.

ஐப்பசி கடைசியில் அக்காவிடமிருந்து போன். "தம்பி, என் வண்டிக் கண்ணாடியிலயும் கல்லு விழுந்திருச்சுடா. நீ பண்ணின மாதிரி நானும் கிளெய்ம் கேட்காம விட்டுரட்டுமா?" அவளுடையது 2023-ல் வாங்கிய பெரிய டீசல் வண்டி, கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ளது. பாலிசி உயிரோடு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். புது வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுத்திருப்பார்கள். ஓ.டி. ஒரு வருடம்தான். மூன்று வருடம் இருக்கிறதே என்று ஓ.டி.யைப் புதுப்பிக்க மறந்தவர்கள் நிறைய. முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸும் காலாவதி. அக்கா ஆவணியில் நான் நச்சரித்ததால் கட்டியிருந்தாள்.

எஸ்டிமேட்: கண்ணாடி 31,500, சீலன்ட் 2,200, பீடிங் 1,900, கூலி 2,500, கேமராவைத் திரும்பச் சீரமைக்க 4,000. மொத்தம் 42,100. ஜீரோ டெப், கன்ஸ்யூமபிள்ஸ் இரண்டும் இருந்ததால் கழிவது கட்டாயக் கழிவு 2,000 மட்டும். அவளுடைய ஓ.டி. தள்ளுபடிக்கு முன் 19,000, போனஸ் இப்போது 25. இழப்பு 105 சதவீதம், ஜி.எஸ்.டி.யோடு ஏறக்குறைய 23,500. வருவது 40,100. யோசிக்காமல் கேளு அக்கா என்றேன்.

கேமரா சீரமைப்பு ரிப்பேரில் சேராது என்று முதலில் மறுத்தார்கள். கண்ணாடியை மாற்றினால் கேமராவைச் சீரமைத்தே ஆக வேண்டும் என்று சர்வீஸ் சென்டரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னேன். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கும் ஒரு நகல். அங்கும் ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம் என்றும் சொல்லி வைத்திருந்தேன். அதுவரை போகவில்லை. எட்டாம் நாள் ஒப்புதல் வந்தது. அக்கா 2,000 ரூபாய் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு, ஃபாஸ்டேக் எங்கே என்று எனக்குப் போன் செய்தாள்.